அக்காவின் ஒஸ்ரின் கார்

அந்தக் காரில் நான் முதன்முதலாக ஏறியது 2016 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில். கொடிகாமத்துக்கு உட்புறமான கிராமம் ஒன்றில் மாதர் குழுக் கூட்டத்தை முடித்துவிட்டு, கடைசி பஸ்ஸையும் தவறவிட்டு, மழைக்கு ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். "ஏறுங்கோ மிஸ், சாவகச்சேரி மட்டும் கொண்டுபோய் விடுறன்" என்று, குழுவில் எப்போதும் பின்வரிசையில் பேசாமல் இருக்கும் அக்கா ஒருவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

ஏறிய நேரம் முதல் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏ-9 வீதி நூல் பிடித்தாற்போல நேராகக் கிடந்தது. அவருடைய கைகளோ சுளகு புடைப்பது போல இடமும் வலமுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. பழைய சினிமாப் படங்களில் கதாநாயகர்கள் இப்படித்தான் கார் ஓட்டுவார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"நேரான தெருவில ஏன் அக்கா இப்பிடித் திருப்புறியள்?"

"திருப்பாட்டில் நேர போகாது பிள்ளை."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. 'மிஸ்' என்று அழைத்தவர் 'பிள்ளை' என்று மாறியதும் அந்த இடத்தில்தான்.

கார் ஒஸ்ரின் ஏ-40 சொமசெற். 1952 இலிருந்து 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மாதிரி, 1,200 சீசீ எஞ்சின். அக்காவின் கணவர் அதை வாடகைக்கு ஓட்டியவர். இந்த வகைக் கார்கள் யாழ்ப்பாணத்தில் இவ்வளவு காலம் நின்றுபிடித்ததற்கு ஆசை மட்டும் காரணமல்ல. 1970 க்கும் 1977 க்கும் இடையில் கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடு. பிறகு யுத்தம், அதோடு பொருளாதாரத் தடை. புதியது வராதபோது உள்ளதைத்தானே உருட்ட வேண்டும். தொண்ணூறுகளில் சின்னப் போத்தலில் வைத்திருந்த நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டதை வாசகிகளில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தப் புகை மணத்தோடுதான் நானும் வளர்ந்தேன்.

2000 ஆம் ஆண்டு தென்மராட்சி இடம்பெயர்ந்தபோது அந்த மனிதர் ஒரே தடவையில் பதினொரு பேரை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு வடமராட்சிக்குப் போய்ச் சேர்ந்தாராம். 2007 ஆம் ஆண்டு தை மாதம் ஒருநாள், மண்ணெண்ணெய் வாங்கிவருகிறேன் என்று சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. சைக்கிளும் வரவில்லை. கார் மட்டும் கொட்டிலுக்குள் நின்றது. ஆறு வருடம் நின்றது. பின்சீற்றில் கோழிகள் அடைகிடந்தன. 2013 இல் அக்காவின் தம்பி அதை வெளியே இழுத்து, கழுவி, ஓடப்பண்ணி, அக்காவுக்கும் ஓடப் பழக்கிவிட்டார். அதன்பின் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடையில் கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணித் தாய்மார், சனி ஞாயிறுகளில் எப்போதாவது ஒரு கலியாணம். அதில் வருவதில்தான் மூன்று பேரின் சாப்பாடும் மகளின் ரியூசனும்.

"இறப்புச் சான்றிதழ் எடுத்தால் காரை உங்கட பேருக்கு மாத்தலாம் அக்கா" என்று ஆரம்ப நாட்களில் நானும் சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. இறந்தார் என்று எழுதாமலே, காணாமற்போனார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம் என்ற சட்டத்திருத்தம் 2016 இல் வந்தது. அந்த விபரத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் கிடக்கும் கார்த் தட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இனி அந்தக் கை ஆட்டத்துக்கு வருகிறேன். காரின் கீழே என்ன இருக்கிறதென்று எங்களில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லித் தந்திருக்கிறார்கள்? எனக்கு இல்லை. அக்காவுடன் கராஜ் கராஜாக ஏறி இறங்கித்தான் படித்தேன். அந்தக் காலத்து ஒஸ்ரினில் ஸ்ரியறிங் தண்டின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் தண்டில் திருகாணிபோல ஒரு சுற்று வெட்டு, அந்த வெட்டுக்குள் ஓடுகிற ஒரு முளை. தண்டு சுழல முளை நகரும், முளை ஒரு கையை அசைக்கும், அந்தக் கை கம்பிகளைத் தள்ளும், கம்பிகள் ரயர்களைத் திருப்பும். இடையில் பல மூட்டுகள். ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால் எல்லாம் சேர்ந்து நாலு விரல் அகல ஆட்டமாக வந்து நிற்கும். அக்காவின் கையில் இருந்தது அதுதான்.

இறுக்கிவிடலாமே என்று கேட்டேன். இறுக்கலாம், ஆனால் ஒரு கார் தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. ஆகவே அந்த வெட்டின் நடுப்பகுதிதான் கூடத் தேய்ந்திருக்கும். நடுவுக்கு அளவாக இறுக்கினால் வளைவில் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு அளவாகத் தளர்த்தினால் நடுவில் ஆடும். அக்காவின் பெட்டியை இப்படி இறுக்கியும் தளர்த்தியும் எத்தனையோ தரம் பார்த்துவிட்டார்கள். உள்ளே கடினமாக்கிய மேற்பரப்பே போய்விட்டது, இனி இது சரிவராது என்றார்கள்.

வழி என்னவென்றால், பெட்டியைக் கழற்றிவிட்டு ஸ்ரியறிங் றக் ஒன்றைப் பொருத்துவது. றக் என்பது பல் வெட்டிய ஒரு நீளக் கம்பி. அதன்மேல் ஒரு சிறு பற்சக்கரம். சக்கரம் சுழலக் கம்பி நேரே இடமும் வலமும் நகர்ந்து இரண்டு ரயர்களையும் திருப்பும். மூட்டுகள் குறைவு, ஆட்டமும் குறைவு. இது ஒன்றும் புதுமையானதல்ல. ஒஸ்ரினோடு போட்டிபோட்ட மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தபோதே றக்கோடுதான் வந்தது. இப்போது யப்பான் கார்களில் கழற்றிய றக்குகள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும்.

எங்கள் அலுவலக வாழ்வாதாரப் படிவத்தில் ஆடு, கோழி, தையல் இயந்திரம், சிறுகடை என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ஐந்தாவது 'வேறு'. அதில் 'ஸ்ரியறிங் றக்' என்று எழுதி அனுப்பினேன். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. "காருக்குள்ள என்ன இறாக்கை பிள்ளை? சாமான் வைக்கவா?" அலுவலகம் முழுவதும் ஒரு கிழமை சிரித்தது. முச்சக்கரவண்டி ஒன்றை லீசிங்கில் எடுத்துக் கொடுக்கலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. லீசிங் தவணை கட்டமுடியாமல் வண்டியையும் இழந்து, காதில் கிடந்த தோட்டையும் இழந்த இரண்டு பேர் அதே குழுவில் இருந்தார்கள். அக்கா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்.

கடைசியில் அனுமதி கிடைத்தது, மூன்று கொட்டேசன் எடுக்கவேண்டும் என்ற விதியோடு. எடுத்தோம். 38,500 ரூபா, 64,000 ரூபா, 72,000 ரூபா. நடுவிலுள்ளது ஒரு வயோதிப மெக்கானிக்குடையது. எழுபதுகளிலேயே இந்தக் கார்களோடு கிடந்தவர். கொப்பித்தாளில் கையால் எழுதித் தந்தார். முத்திரையோ கடிதத் தலைப்போ இல்லை. "பிள்ளை, றக்கை எவரும் வாங்கலாம். அதை எந்த இடத்தில, எந்த உயரத்தில பிடிக்கிறம் எண்டதிலதான் வேலை இருக்கு" என்று சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் படிவத்தில் அந்த வாக்கியத்தை எழுத ஒரு கட்டமும் இல்லை. குறைந்த தொகைக்குத்தான் கொடுக்கவேண்டும். கொடுத்தோம். கையெழுத்து என்னுடையது.

2017 பங்குனியில் முதல் வேலை முடிந்தது. கார் வீட்டுக்கு வந்த அன்று அக்காவின் கைகள் முதன்முறையாக ஓய்ந்திருந்ததைப் பார்த்தேன். தார் வீதியில் தேர்போல ஓடியது. படம் எடுத்து அறிக்கையில் சேர்த்தேன். நல்ல அறிக்கை என்று பாராட்டும் வந்தது.

வைகாசியில், பெய்து ஓய்ந்த ஒரு காலை. கிறவல் ஒழுங்கையில் நாலு பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தபோது இடப்பக்கச் சில்லு ஒரு குழிக்குள் இறங்கியது. இறங்கிய அதே கணம் கார் தானாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் வெள்ள வாய்க்காலுக்குள் மூக்கை வைத்தது. ஏழு வயதுப் பொடியன் ஒருவனின் வாய் முன்சீற்றில் அடிபட்டு உதடு கிழிந்தது. இரண்டு தையல். ஒரு பல்லும் போனது. பாற்பல்தான், எப்படியும் விழ இருந்தது. ஆனால் இரத்தத்தைப் பார்த்த எவருக்கும் அந்தக் கணக்கு வராது.

அன்று பின்னேரமே கதை ஊர் முழுவதும் போய்விட்டது. "பொம்பிளை கார் ஓடினால் இப்பிடித்தான்." "புருசன் இல்லாத வீட்டுக் காரில பிள்ளையளை ஏத்தினது எங்கட பிழை." அடுத்தநாள் ஒரு பிள்ளையும் படலையில் நிற்கவில்லை. கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஓட்டோவைக் கூப்பிட்டார்கள்.

நான் மூன்றாம் நாள் போனேன். அக்கா வாசற்படியில் இருந்தார். ஆறுதலாக ஏதும் சொல்லவேண்டுமென்று நினைத்துக்கொண்டு போன நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் மெதுவாய் வந்திருக்கலாம் அக்கா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் நடைக்குத்தான் வந்தனான் பிள்ளை. கை பிடிச்ச பிடியில இருக்க, சில்லுத் தானாய்த் திரும்பினது."

நம்பியவள்போலத் தலையாட்டினேன். உள்ளே நம்பவில்லை. பழி எந்தப் பக்கம் போய் விழும் என்று சமூகவியல் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியெய்தியவள் நான். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வயோதிப மெக்கானிக்கை அழைத்துவந்தது நானல்ல, அக்காதான். சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் காருக்குக் கீழே படுத்திருந்தார். எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவினார். ஒன்றை நீளமாகவும் மற்றதைக் கட்டையாகவும் முறித்தார். இரண்டின் ஒரு முனையையும் மண்ணில் முள்ளால் குத்தி, மறுமுனையால் கோடு கீறிக் காட்டினார். நீள ஈர்க்குப் பெரிய வட்டத்தின் துண்டைக் கீறியது. கட்டை ஈர்க்குச் சின்ன வட்டத்தின் துண்டைக் கீறியது. இரண்டும் ஓரிடத்தில் தொட்டு, பிறகு விலகிப் போயின.

"சில்லு மேல கீழ போகேக்க, அதைத் தாங்கிற கை ஒரு வட்டம் போடும். றக்கில இருந்து போற கம்பியும் ஒரு வட்டம் போடும். ரெண்டும் ஒண்டாய்ப் போகவேணும். போகாட்டில் அந்தக் கம்பி சில்லைத் தள்ளும், இல்லாட்டி இழுக்கும். நீங்கள் திருப்பாமலே திரும்பும். நல்ல ரோட்டில தெரியாது. குழியில இறங்கினால்தான் தெரியும்."

றக்கைத் தங்களுக்கு வசதியான இடத்தில், இருக்கவேண்டியதைவிட ஒன்றரை இஞ்சி உயரத்தில் வைத்து ஒட்டியிருந்தார்கள். கம்பிகளின் நீளமும் பொருத்தமில்லை.

அந்த நேரத்தில்தான் பொடியனின் தகப்பன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். மருந்துச் செலவு கேட்க வந்தவர். மேசன் வேலை செய்பவர், தோளில் துவாயோடு நின்றார். அக்கா எழும்பி நின்றார். மெக்கானிக் ஐயா மட்டும் அவரைப் பார்த்து, "நல்ல நேரம் வந்தீர் தம்பி, அந்த ஜக்கை ஒருக்காப் பிடியும்" என்றார்.

ஸ்ரியறிங்கைக் கயிற்றால் சீற்றோடு அசையாமல் கட்டினார். காரின் சட்டத்தைப் பனங்குற்றியில் தூக்கி வைத்தார். முன்சில்லு தொங்கியது. சில்லின் பக்கவாட்டில் நேரான சலாகை ஒன்றை வைத்துக் கட்டி, அதன் நுனி நிற்கும் இடத்தை மண்ணில் அடையாளமிட்டார். பிறகு இரண்டாவது ஜக்கைச் சில்லைத் தாங்கும் கைக்குக் கீழே வைத்து, "மெல்ல உயர்த்தும்" என்றார். மேசன் உயர்த்தினார். சில்லு மேலே வர வரச் சலாகையின் நுனி அடையாளத்தை விட்டு நகர்ந்தது. ஒரு விரல், இரண்டு விரல். ஸ்ரியறிங் கட்டியபடியே இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. இறக்கச் சொன்னார். நுனி திரும்பவும் பழைய இடத்துக்குப் போனது. மேசன் தானாகவே இன்னொரு தடவை உயர்த்தி இறக்கிப் பார்த்தார். அவர் மட்டத்துக்கும் தூக்குநூலுக்கும் பழகிய மனிதர். பேசாமல் எழும்பிப் போனார். மருந்துக் காசு கேட்கவில்லை.

கார் முழுவதையும் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஸ்ரியறிங் தண்டு நீளம் போதாமல் இரண்டு துண்டை முனைக்கு முனை வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். ஒட்டின் உட்புறத்தில் வெறும் துளை. "இது முறிஞ்சிருந்தால் வாய்க்காலோட நிண்டிருக்காது" என்றார் ஐயா. அதை நான் அக்காவின் மகளுக்குச் சொல்லவில்லை.

திருத்துவதற்கு 45,000 ரூபா வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டாம் முறை உதவி இல்லை என்று அலுவலகம் கையை விரித்தது. முதல் வேலை செய்தவர்கள் பல தடவை நடந்தபின் பத்தாயிரம் திருப்பித் தந்தார்கள். மிச்சத்துக்கு மாதர் குழுவின் சுழற்சி நிதியைக் கேட்பதென்று அக்கா முடிவெடுத்தார். எனக்குப் பயம். அந்தக் குழுவில் அவருக்கு எதிராகக் கதைத்தவர்களும் இருந்தார்கள்.

கூட்டத்தன்று பின்வரிசையிலிருந்து எழுந்துவந்தவர் கையில் இரண்டு ஈர்க்கு இருந்தது. சிமெந்துத் தரையில் வெண்கட்டியால் அந்த இரண்டு வட்டத் துண்டுகளையும் கீறிக் காட்டினார். ஐயா சொன்னதை அப்படியே சொல்லவில்லை. ஆட்டுக்கல்லையும் கிணற்றுத் துலாவையும் இழுத்து, இன்னும் விளக்கமாகச் சொன்னார். இருபத்திரண்டு பெண்கள் குனிந்து பார்த்தார்கள். "அப்ப நீங்கள் பிடிச்சபடிதான் இருந்தியளா?" என்று ஒருவர் கேட்டார். "ஓம்" என்றார் அக்கா. கடனுக்குக் கை உயர்த்தாதவர்கள் மூன்றே பேர். ஒரு வருடத்தில் கட்டி முடித்தார், அதில் ஒரு தவணை மட்டும் பிந்தியது.

இரண்டாம் முறை வேலை ஒன்பது நாள் நடந்தது. நான் முடிந்த நாளெல்லாம் போய் நின்றேன். ஐயா முதலில் பார்த்தது றக் எந்தப் பக்கம் பார்த்து இருக்கவேண்டும் என்பதை. சில்லைத் திருப்பும் கை சில கார்களில் அச்சுக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால். ஒன்றின் றக்கை மற்றதில் கவனமில்லாமல் போட்டால் இடது திருப்ப வலது போகும். அப்படி ஒரு காரைக் கராஜ் வாசல்வரை கொண்டுவந்து மதிலை இடித்த கதையை அவர் சொல்லிச் சிரித்தார். யாருடைய மதில் என்று கேட்டோம், சொல்லவில்லை. பிறகு பழைய ஒட்டுகளை அரிந்தெடுத்து, தடித்த தகடு வைத்து, றக்கைக் கீழே இறக்கி, சட்டத்தோடு போல்ற் போட்டு இறுக்கினார். உள்மூட்டுகள் தாங்குகையின் மூட்டுகளோடு ஒரே நேரில் வந்தன. ஒட்டிய தண்டை எறிந்துவிட்டு, பல்வெட்டோடு பொருந்தும் இரண்டு மூட்டுகள் போட்டார். அந்த இரண்டு மூட்டின் கவைகளும் ஒரே திசை பார்த்து நிற்கவேண்டுமாம், இல்லாவிட்டால் திருப்பும்போது இறுகி இறுகி விடும். சொமசெற்றில் கியர்க் கம்பியும் ஸ்ரியறிங் தூணோடுதான் வருகிறது. அதைக் குழப்பாமல் வேலை செய்யவே இரண்டு நாள் போனது. ஹோர்ண் வயருக்கு வழி இல்லாமல் போய், ஹோர்ண் பொத்தான் இப்போது முன்தட்டில் இருக்கிறது.

முடிவில் அதே சலாகைப் பரிசோதனை. இந்தமுறை ஜக்கை உயர்த்தியது அக்கா. நுனி அடையாளத்திலேயே நின்றது. பிறகு ரயர்களில் வெண்கட்டிக் கோடு போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் நாடா பிடித்து அளந்தார்கள். முன்பக்கம் ஓர் இஞ்சியின் பதினாறில் ஒரு பங்கு ஒடுக்கமாக வைத்து இறுக்கினார். நாடாவின் மறுமுனையைப் பிடித்தது நான்.

புது ஸ்ரியறிங் பழையதைவிடக் கொஞ்சம் பாரம். நின்ற இடத்தில் திருப்பினால் அக்காவுக்குத் தோள் நோகிறது. "உருள விட்டுத் திருப்பும், நிக்கவிட்டுத் திருப்பாதையும்" என்று ஐயா சொல்லிக்கொடுத்தார். றக்கின் இரு முனையிலும் உள்ள றப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்க்கவும் சொன்னார். கிழிந்தால் மணல் உள்ளே போய்ப் பல்லைத் தின்றுவிடும். அக்கா பார்க்கிறார். மகளும் பார்க்கப் பழகிவிட்டாள்.

கார் ஓடத் தொடங்கிய இரண்டாவது திங்கட்கிழமை அந்தப் பொடியன் சப்பாத்தும் போட்டுக்கொண்டு தன் வீட்டுப் படலையில் நின்றான். தகப்பன் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மற்றப் பிள்ளைகள் வர இன்னும் ஒரு மாதம் எடுத்தது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் வரவே இல்லை.

நான் அந்தக் காரில் பிறகு எத்தனையோ முறை போயிருக்கிறேன். முதற் சில மாதங்கள் நேரான தெருவிலும் அக்காவின் கை தன்பாட்டில் இடமும் வலமும் ஆடும், கார் பாம்புபோல நெளியும். "பழக்கதோசம்" என்று சொல்லிக்கொண்டு கையை இறுக்கிப் பிடிப்பார்.

கழற்றிய பழைய பெட்டியைப் பழைய இரும்புக்காரர் எழுநூறு ரூபாவுக்குக் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் பூசி, உரச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார். தேய்ந்த பெட்டியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அவர் வந்தால் முதல் காரைத்தான் பாப்பார் பிள்ளை. பெட்டி எங்கை எண்டு கேப்பார்" என்றார்.